காற்றின் கையில் கொடுத்த ஆயுதம்

1940 செப்டம்பர் 17-ஆம் தேதி இரவு பிரிட்டனில் புயற்காற்று சுழன்றடித்தது. லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் அன்றாடம் குண்டு வீசத் தொடங்கிப் பத்து நாட்களே ஆகியிருந்த சமயம் அது. நகரங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மேலே தடுப்பு பலூன்கள் நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 19 மீட்டர் நீளம், உள்ளே ஹைட்ரஜன், தரையோடு பிணைக்கும் எஃகு வடம். தாழப் பறந்து குறிபார்த்துக் குண்டு போட வரும் விமானம் அந்த வடத்தில் மோதிச் சிதறும் என்ற அச்சமே பாதுகாப்பு. அந்த அச்சத்தால் விமானங்கள் மேலே ஏறும். மேலே ஏறினால் குறி தவறும்.

அன்றைய காற்றில் பல பலூன்கள் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டன. அறுந்த வடங்களை இழுத்துக்கொண்டே வட கடலைத் தாண்டின. ஜெர்மனியின் பிடியிலிருந்த டென்மார்க்கிலும், போரில் எந்தப் பக்கமும் சேராத ஸ்வீடனிலும் மின்கம்பிகள் அறுந்தன, ரயில்கள் நின்றன. ஸ்வீடனின் வெளிநாட்டு ஒலிபரப்புக்கான வானொலிக் கோபுரம் ஒன்று சாய்ந்தது. ஐந்து பலூன்கள் ஃபின்லாந்து வரை போய்ச் சேர்ந்தன.

பிரிட்டனுக்கு ஸ்வீடனோடு பகை எதுவும் இல்லை. அந்தச் சேதத்தை யாரும் திட்டமிடவும் இல்லை. செப்டம்பர் 23 அன்று இந்தச் செய்தி பிரிட்டிஷ் போர் அமைச்சரவைக்கு எட்டியது. நடுநிலை நாடு ஒன்றில் நேர்ந்த விபத்தாக மட்டும் அங்கே அது பார்க்கப்படவில்லை. அவிழ்த்துவிட்ட பலூன் ஒரு நாட்டின் மின்சாரத்தையே நிறுத்தும் என்றால், அதை ஜெர்மனிமீது ஏன் அனுப்பக் கூடாது? இதை ஆராயும்படி பிரதமர் சர்ச்சில் உத்தரவிட்டார்.

அடுத்த நான்காண்டுகளின் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பலூன் ஆயுதங்களால் நடுநிலை நாடுகளுக்கு நேர்ந்த கேடுகளைப் போரின் தற்செயல் விளைவுகளாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். 1940 வரை அது சரி. அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல இடமில்லை. ஒரு நடுநிலை நாட்டில் நேர்ந்த சேதமே இந்த ஆயுதத்தின் முதல் சோதனை. அந்தச் சோதனையின் முடிவைப் படித்துவிட்டுத்தான் ஆயுதம் உருவாக்கப்பட்டது.

ஆபரேஷன் அவுட்வர்டு

விமானத் துறை அமைச்சகம் இந்த யோசனையில் அக்கறை காட்டவில்லை. பலூன் பலவீனமான ஆயுதம், அதற்கு ஆகும் ஆளும் பொருளும் வீண் என்பது அவர்கள் கணிப்பு. மாறாக, கடற்படைத் தலைமையகம் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டது. அவர்கள் கணக்கு எளிமையானது. செலவு சொற்பம், ஒரு வீரரின் உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை, சுமார் 5,000 மீட்டருக்கு மேல் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், இதே ஆயுதத்தால் ஜெர்மனி எளிதில் திருப்பி அடிக்க முடியாது. 1941 செப்டம்பரில் படைத் தலைமைத் தளபதிகளின் ஒப்புதல் கிடைத்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் ஆபரேஷன் அவுட்வர்டு.

சஃபோக் கரையோரம் ஃபெலிக்ஸ்டோவை அடுத்த லேண்ட்கார்டு கோட்டையிலிருந்து 1942 மார்ச் 20-ஆம் தேதி முதல் பலூன்கள் ஏவப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் டோவர் அருகே ஓல்ட்ஸ்டேர்ஸ் விரிகுடாவில் இரண்டாவது தளம் திறந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ராயல் மரீன் வீரர்களும் கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த பெண்களும். கடற்கரைக் காற்றில், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனை நிரப்பி, பலூனைக் கையில் பிடித்து, சுமையைக் கட்டி, திரியைப் பற்றவைத்து விட வேண்டும். ஆபத்தான வேலை.

பலூன்கள் வானிலை ஆய்வுக்குப் பயன்படும் ரப்பர் வகை. நிரப்பினால் விட்டம் சுமார் 2.4 மீட்டர். இரண்டு விதமான சுமைகள். முதல் விதம் கம்பி: சுமார் 210 மீட்டர் நீளச் சணல் கயிறு, அதன் நுனியில் 90 மீட்டர் நீள மெல்லிய எஃகுக் கம்பி. இரண்டாவது விதம் தீ: தீப்பற்றும் களி நிரப்பிய டின்கள், மெழுகில் ஊறவைத்த மரச்சுருள் அடைத்த நீண்ட பைகள். அந்தப் பைகளின் பெயர் ‘சாக்ஸ்’. மர உச்சியில் விழுந்தால் கிளையில் மாட்டிக்கொண்டு எரிய வேண்டும் என்பதற்காகவே அவை நீளமாகச் செய்யப்பட்டன.

பலூனுக்குள் ஓட்டுநர் இல்லை, வானொலி இல்லை, திசைகாட்டி இல்லை. மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளிருக்கும் வாயு விரியும். பலூன் உப்பும்போது உள்ளே கட்டிய கயிறு இறுகி வால்வைத் திறந்து கொஞ்சம் வாயுவை வெளியேற்றும். அதன்பின் பலூன் மெல்லத் தாழும். தாழும் வேகத்தைக் குறைக்க ஒரு டின்னிலிருந்து எண்ணெய் சொட்டிச் சொட்டி எடை குறையும். திரி எரிந்து முடியும் நேரத்தில் சுமை வேலையைத் தொடங்கும். கம்பி பலூன் அந்த எஃகு நுனியை வயலிலும் காட்டிலும் ஊரிலும் இழுத்துக்கொண்டே போகும். எவ்வளவு தொலைவு போன பிறகு கம்பி இறங்க வேண்டும் என்பதைத் திரியின் நீளத்தால் ஓரளவு தீர்மானிக்கலாம். எந்தத் திசையில் போகும் என்பதை ஏவும் நேரத்துக் காற்று மட்டுமே தீர்மானிக்கும். காற்று வழியில் மாறினால் பலூனும் மாறும்.

உயர் அழுத்த மின்பாதையில் மூன்று கம்பிகள் ஒன்றுக்கொன்று சில மீட்டர் இடைவெளியில் போகும். அந்த இடைவெளியிலுள்ள காற்றுதான் அவற்றைப் பிரிக்கும் காப்பு. 90 மீட்டர் எஃகுக் கம்பி இரண்டின் மேலும் சாய்ந்தால் ஷார்ட் சர்க்யூட். இழுத்த கம்பி நொடியில் உருகினாலும், சூடேறிய காற்றின் வழியாக மின்வில் தொடர்ந்து எரியும். துணைமின் நிலையத்தின் சர்க்யூட் பிரேக்கர் உடனே மின்சாரத்தைத் துண்டித்தால் சேதம் சில மணி நேர இருட்டோடு முடியும். துண்டிக்கத் தவறினால்?

தவறினால் என்ன ஆகும் என்பதை 1942 ஜூலை 12 காட்டியது. லைப்சிக் அருகே 1,10,000 வோல்ட் மின்பாதையில் ஒரு கம்பி பலூன் மோதியது. போலன் மின்நிலையத்தின் பிரேக்கர் வேலை செய்யவில்லை. தீப்பிடித்து மின்நிலையமே அழிந்தது. 35 ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டுக்கும் குறைவான செலவில் செய்த ஒரு பலூன் அது. அவுட்வர்டு திட்டத்தின் மிகப் பெரிய வெற்றியாக இன்றும் சொல்லப்படுவது இதுதான்.

1944 செப்டம்பர் 4 அன்று கடைசி பலூன் ஏவப்பட்டபோது மொத்த எண்ணிக்கை 99,142. அவற்றில் 53,543 தீச்சுமை கொண்டவை. 45,599 கம்பி கொண்டவை. இரண்டரை ஆண்டுகளைக் கணக்கிட்டால் நாளொன்றுக்குச் சராசரியாக 110. ஜெர்மனி அவற்றைச் சுட்டு வீழ்த்தப் போர் விமானங்களைக் கிளப்ப வேண்டியிருந்தது. காட்டுத்தீக்குக் காவல் போட வேண்டியிருந்தது. செலவையும் விளைவையும் மட்டும் தட்டில் வைத்துப் பார்த்தால், அந்தப் போரில் இவ்வளவு மலிவாக இவ்வளவு தொல்லை கொடுத்த ஆயுதங்கள் அதிகம் இருக்காது. அந்தத் தட்டில் வைக்கப்படாதவர்களைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

லாஹோல்ம்

ஸ்வீடனின் தென்மேற்குக் கரையோரம், ஹல்லாண்ட் வட்டாரத்தில் லாஹோல்ம் என்ற சிறு நகரம் இருக்கிறது. ஃபெலிக்ஸ்டோவிலிருந்து வானவழியில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வடகிழக்கே. 1944 ஜனவரி 19-க்கும் 20-க்கும் இடைப்பட்ட இரவில் ஒரு அவுட்வர்டு பலூன் அங்கே வந்து ரயில் பாதையின் மின்விளக்குகளை அணைத்துவிட்டது. இருட்டில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன.

ஸ்வீடன் ஏன் இவ்வளவு எளிதில் அடிபட்டது என்பதற்கு அந்நாட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அங்கே நிலக்கரி சொற்பம். வடபகுதி ஆறுகளில் நீர்மின்சாரம் ஏராளம். மக்களும் தொழிற்சாலைகளும் தெற்கே. ஆகவே பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு உயர் அழுத்தக் கம்பிகள் காடுகளின் வழியே ஓடின. வெளிநாட்டு நிலக்கரியை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே ரயில்களையும் மின்மயமாக்கினார்கள். கிரூனா இரும்புத் தாதுச் சுரங்கப் பாதையில் 1915-இலும், ஸ்டாக்ஹோம்–கோதன்பர்க் பாதையில் 1926-இலும் மின்ரயில் ஓடத் தொடங்கியது. போர்க்காலத்தில் நிலக்கரி வரத்து சுருங்கியபோது நாட்டை நகரவைத்தது இந்த ஏற்பாடுதான். மின்சாரத்தை நம்பி ஓடும் ரயில், திறந்த வெளியில் தொங்கும் கம்பி, பரந்த காடு. ஜெர்மனியில் எவற்றைக் குறிவைத்துக் கம்பி பலூனும் தீ பலூனும் செய்யப்பட்டனவோ, அவை எல்லாம் ஸ்வீடனில் அதைவிட அடர்த்தியாகவே இருந்தன.

தென்மேற்குக் காற்றும் வட கடலுக்குப் புதிதல்ல. ஃபெலிக்ஸ்டோவிலிருந்து நேர் கிழக்கே வீசும் காற்று பலூனை ஹாலந்துக்கும் ஜெர்மனிக்கும் கொண்டுபோகும். கொஞ்சம் வடக்கே திரும்பினால் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும். 1940-இன் புயல் இந்த வழியை வரைபடம்போல் காட்டியிருந்தது.

ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் நிலையையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து, டென்மார்க் ஆகியவை நடுநிலை நாடுகள் அல்ல. ஆனால் அங்கிருந்த மக்கள் பிரிட்டனின் எதிரிகளும் அல்ல. விடுதலைக்குக் காத்திருந்தவர்கள். ஜெர்மனிக்குப் போகும் ஒவ்வொரு பலூனும் இவர்களில் யாராவது ஒருவரின் தலைக்கு மேலாகத்தான் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் இறங்கிய பலூன் இவர்களுடைய கம்பிகளில்தான் விழுந்தது.

அதே 1944-இல் ஸ்வீடன் மறுபக்கத்திடமும் அடி வாங்கியது. ஜூன் 13 அன்று பேனமுண்டேயிலிருந்து ஜெர்மானியர் சோதனைக்காக ஏவிய வி-2 ராக்கெட் ஒன்று வழிதவறி, தெற்கு ஸ்வீடனில் பேக்கெபோ என்ற கிராமத்தின் மேலே வெடித்தது. ஐந்தே மாத இடைவெளியில், போரிடும் இரு தரப்புகளின் ஆளில்லா ஆயுதங்களும் போரில் இல்லாத ஒரு நாட்டில் வந்து விழுந்திருக்கின்றன. ராக்கெட்டின் சிதறல்கள் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டன. வி-2 பற்றி பிரிட்டனுக்குக் கிடைத்த அரிய தகவல்களில் அவையும் சேர்ந்தன.

எழுதப்பட்ட சட்டம், எழுதப்படாத இடம்

நடுநிலை நாட்டின் உரிமை பற்றிச் சட்டம் இல்லாமல் இல்லை. 1907-இல் ஹேக் நகரில் நிறைவேறிய ஐந்தாவது ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, நடுநிலை நாடுகளின் நிலப்பரப்பு மீறப்படக் கூடாதது என்று ஒரே வரியில் சொல்கிறது. அடுத்த பிரிவு, போரிடும் நாடுகள் தம் படைகளையும் தளவாட வண்டிகளையும் அந்த நிலத்தின் வழியே கொண்டுபோகத் தடை விதிக்கிறது. எல்லைக் கோட்டைக் காலால் கடக்கும் சிப்பாயையும் சக்கரத்தால் கடக்கும் வண்டியையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. அவர்களைத் தடுத்து நிறுத்தலாம், சிறைவைக்கலாம், அவர்களை அனுப்பிய அரசிடம் கேள்வி கேட்கலாம்.

பலூன்களைப் பற்றியும் ஹேக் மாநாடுகள் தனியே யோசித்தன. பலூன்களிலிருந்து வெடிபொருள் வீசுவதை 1899-இல் ஐந்தாண்டுகளுக்குத் தடைசெய்தார்கள். 1907-இல், மூன்றாவது அமைதி மாநாடு முடியும்வரை என்று அந்தத் தடையைப் புதுப்பித்தார்கள். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. மூன்றாவது மாநாடு கூடவே இல்லை. வான்போருக்கென்று 1923-இல் சட்ட வல்லுநர் குழு ஒன்று ஹேக்கில் விதிகளை வகுத்தது. எந்த அரசும் அவற்றை உடன்படிக்கையாக ஏற்கவில்லை. ஆக, 1942-இல் லேண்ட்கார்டு கோட்டையிலிருந்து பலூன்கள் கிளம்பியபோது, நடுநிலை நிலத்தைக் காக்கும் கொள்கை இருந்தது. கொள்கையைக் காற்றில் போகும் ஒரு பொருளுக்குப் பொருத்தும் விதி இல்லை.

இந்த இடைவெளியால் என்ன வேறுபாடு நேர்கிறது என்பதை ஒரு ஒப்பீடு தெளிவாக்கும். 1944 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரைத் தாக்கப் புறப்பட்டன. மோசமான வானிலையில் வழிதவறி, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் நகர்மீது குண்டு வீசின. 40 பேர் இறந்தார்கள். விமானத்துக்கு ஒரு விமானி இருந்தார், புறப்பட்ட நேரம் இருந்தது, பறந்த பாதை இருந்தது, உத்தரவு இருந்தது. எங்கே பிழை நேர்ந்தது என்று விசாரிக்க முடிந்தது. அமெரிக்கா தவறை ஏற்று இழப்பீடு கொடுத்தது. போன உயிர்களை அது திருப்பித் தராது. ஆனாலும் ஒரு நாடு இன்னொரு நாட்டின் முன் நின்று பொறுப்பேற்றது.

பலூன் விஷயத்தில் அப்படி விசாரிக்க ஆளே இல்லை. எந்தத் தளத்தில், எந்த நாளில், யார் கையிலிருந்து கிளம்பிய பலூன் என்று கண்டுபிடிக்க வழியில்லை. வழிதவறியது என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கென ஒரு வழி வகுக்கப்பட்டதே இல்லை.

யார் பொறுப்பு?

பிரிட்டன் தரப்பு நியாயத்தையும் முழுமையாகக் கேட்க வேண்டும். 1940-இல் அந்த நாடு ஏறக்குறையத் தனித்து நின்றது. எதிரில் இருந்த ஆட்சி எத்தகையது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஒரு விமானியையும் இழக்காமல் அந்த ஆட்சியின் மின்சாரத்தை நிறுத்தக் கிடைத்த வழியை விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல. குண்டுவீச்சோடு ஒப்பிட்டால் கம்பி பலூன் மென்மையான ஆயுதமும்கூட.

ஸ்வீடனின் நடுநிலைமை களங்கமற்றதாக இருக்கவில்லை என்ற வாதமும் உண்டு. ஜெர்மனிக்கு இரும்புத் தாது விற்றது. 1940 ஜூலை முதல் 1943 ஆகஸ்ட் வரை ஜெர்மன் வீரர்களைத் தன் ரயில்களில் நார்வேக்கும் அங்கிருந்து திரும்பவும் போக அனுமதித்தது. இவை உண்மை. ஆனால் பலூன் தாது ஏற்றிய ரயிலைத் தேடிப் போய் நிறுத்தவில்லை. லாஹோல்மில் ரயில்கள் மோதியபோது அந்தப் படைப் போக்குவரத்து முடிவுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஓர் அரசின் வெளியுறவுக் கொள்கைக்கு இரவு ரயிலில் போகும் பயணி விலை கொடுக்க வேண்டும் என்பதை நியாயம் என்று ஏற்க முடியாது.

கேள்வியை இன்னும் கூர்மையாக்கும் தகவல் ஒன்று உண்டு. நேச நாடுகளின் விமானத் தாக்குதல்கள் பெருகியபோது பலூன் ஏவுதல் அடிக்கடி நிறுத்தப்பட்டது. சொந்த விமானங்கள் பலூன்களில் சிக்கிவிடக் கூடாது என்பதே காரணம். 1944-இல் ஏவுதல் விட்டுவிட்டுத்தான் நடந்தது. அதாவது, காற்றில் ஏறிய பலூனை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவு ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் மனிதர் கையில் இருந்தது. சொந்த ஆட்களுக்கு ஆபத்து என்றால் நிறுத்த முடிந்தது.

என் முடிவு இங்கேதான் உறுதிப்படுகிறது. கட்டுப்படுத்த முடியாத ஆயுதத்தைப் பொறுத்தவரை, ‘அங்கே விழ வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை’ என்பது பதிலாகாது. எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை ஏவியவரே காற்றிடம் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைத்த பிறகு, காற்று செய்ததற்குக் காற்றைப் பழிசொல்ல முடியாது. அதிலும், காற்று என்ன செய்யும் என்பதை 1940-லேயே பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது.

பிரிட்டனைத் தனியே குறை சொல்லி முடிக்கும் விஷயமும் அல்ல இது. 1849-இல் வெனிஸ் நகரை முற்றுகையிட்ட ஆஸ்திரியப் படை, குண்டு கட்டிய பலூன்களை ஏவியபோது சில பலூன்கள் நகரைத் தாண்டி ஆஸ்திரியர்கள் பக்கமே போயின. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஜப்பான் பசிபிக் கடலைத் தாண்டி ஏவிய சுமார் 9,300 ஃபூ-கோ குண்டு பலூன்களில் ஒன்று அமெரிக்காவின் ஆரிகான் காட்டில் கிடந்தது. ஏவுவதை ஜப்பான் நிறுத்திய பிறகு, 1945 மே 5 அன்று சுற்றுலா போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் அது வெடித்து இறந்தார்கள். படை முகாம்களையும் தொழிற்சாலைகளையும் தாண்டிக் காற்று அவர்களைக் கண்டுபிடித்தது. நூறாண்டு இடைவெளியில், மூன்று பேரரசுகள், ஒரே பாடம்.

பாடம் இன்னும் பழையதாகிவிடவில்லை. 2022 மார்ச் 10 அன்று, உக்ரைன் போர் தொடங்கி இரண்டே வாரங்கள் ஆகியிருந்த நிலையில், சோவியத் காலத்து டியூ-141 ஆளில்லா விமானம் ஒன்று ருமேனியா, ஹங்கேரி வான்வெளிகளைக் கடந்து குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபில் வந்து விழுந்தது. பல டன் எடை. மாணவர் விடுதி அருகில் விழுந்தும் உயிர்ச்சேதம் இல்லாமல் போனது அதிர்ஷ்டம். அது தன்னுடையதல்ல என்று உக்ரைனும் சொன்னது, ரஷ்யாவும் சொன்னது. போரில் இல்லாத மூன்று நாடுகளின் வானத்தைக் கடந்து ஒரு தலைநகரில் விழுந்த ஆயுதத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. ஹைட்ரஜனுக்குப் பதில் எஞ்சின் வந்திருக்கிறது, கேள்வி அதுவேதான்.

இன்று ஆளில்லா ஆயுதங்கள் பெருகும் வேகத்தில், அவை எல்லை தாண்டிப் போய் விழும் நாடுகளும் பெருகும். அந்த நாடுகளுக்கு வேண்டியது அனுதாபச் செய்தி அல்ல, விதி. ஏவும் ஒவ்வொரு ஆயுதமும் யாருடையது என்று தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். எங்கே விழுந்தாலும், நோக்கம் எதுவாக இருந்தாலும், இழப்பீடு ஏவிய நாட்டின் கடமையாக வேண்டும். சொந்த விமானங்களுக்காக ஏவுதலை நிறுத்த முடிந்த ஒரு படை, அண்டை நாட்டின் ரயில் பயணிக்காகவும் நிறுத்த முடியும். அது முடியாது என்று எந்தத் தளபதி சொன்னாலும், அவுட்வர்டு திட்டத்தின் வரலாறு அவருக்கு எதிரான சாட்சி.